காப்பகத்துக்குப் போகும் மகள் அழுதுகொண்டு வருகிறாள்: நிறுத்திவிடலாமா?

வாசகியின் கடிதம்:

என் மகளுக்கு 15 வயது. சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விலங்குகள் காப்பகத்தில் தன்னார்வலராக வேலை செய்கிறாள். கூண்டு கழுவுவது, தண்ணீர் வைப்பது, குட்டிகளைப் பார்த்துக்கொள்வது என்று எது சொன்னாலும் செய்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே நான்கு நாய்க்குட்டிகள் வந்தன. மறுநாள் இவள்தான் அவற்றைக் கவனித்தாள். திங்களன்று ஒரு குட்டி வாந்தி எடுத்தது, புதனன்று பார்வோ நோயில் இறந்துவிட்டது. வந்த அன்றே தடுப்பூசி போட்டிருந்தார்களாம். மற்ற கூண்டுகளைக் கழுவிவிட்டு அதே செருப்போடு குட்டிகளிடம் போனதால் தான்தான் நோயைக் கொண்டுபோய்விட்டதாக நினைத்து அழுகிறாள். இப்போது அங்கே பயந்து ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பெரிய நாயைச் சனி, ஞாயிறு மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். படிப்பு கெடுகிறது, நிறுத்து என்கிறார் அவள் அப்பா. எனக்குக் கடி, நோய் என்று பயம். நிறுத்தினால் இன்னும் உடைந்துபோவாளோ என்றும் பயம். என்ன செய்வது டாக்டர்?

கால்நடை மருத்துவரின் பதில்:

முதலில் உங்கள் மகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டிக்கு நோயைக் கொண்டுபோனது அவள் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நீங்கள் எழுதியிருக்கும் கிழமைகளே அதைச் சொல்கின்றன. பார்வோ வைரஸ் ஒரு குட்டியின் உடலுக்குள் போன பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்க வழக்கமாக 3 முதல் 7 நாள் ஆகும். சிலவற்றுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை தொற்றிய நோய் திங்கட்கிழமையே வாந்தியாக வெளியே வராது. குட்டிகள் வந்து சேர்ந்ததே சனிக்கிழமைதான் என்றால், வரும்போதே அதன் உடம்பில் கிருமி இருந்திருக்கிறது. உங்கள் மகள் முதன்முதலில் அதைக் கையில் எடுத்தபோதே அது நோய்ப்பட்ட குட்டி, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தாளில் கிழமைகளை எழுதி இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 'நீ காரணம் இல்லை' என்று பலமுறை சொல்வதைவிட, ஏன் இல்லை என்று ஒருமுறை காட்டினால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மனதில் பதியும்.

ஊசி போட்டும் ஏன் இறந்தது என்று அவள் அடுத்துக் கேட்பாள். தடுப்பூசி பலன் தரச் சில நாள்கள் வேண்டும். அதற்கு முன்பே உள்ளே புகுந்துவிட்ட வைரஸைச் சனிக்கிழமை போட்ட ஊசியால் நிறுத்த முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்பாற்றல் குட்டிக்குக் கொஞ்சம் வந்துசேரும். அது சில வாரங்களுக்குக் குட்டியைக் காக்கும், அதே நேரத்தில் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. தாய் கொடுத்த பாதுகாப்பு தேய்ந்துபோய், ஊசியின் பாதுகாப்பு இன்னும் வராத ஓர் இடைவெளி ஏறக்குறைய எல்லாக் குட்டிகளுக்கும் வரும். எந்த வாரத்தில் வரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் அந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய இந்த நோய் குடலின் உட்சுவரைச் சிதைக்கிறது, எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. உடம்பில் நீர் வற்றி, குடலில் இருக்கும் பாக்டீரியா இரத்தத்தில் கலந்துவிடும். சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, இரவு பகலாகப் பார்த்துக்கொண்டால் பல குட்டிகள் பிழைக்கின்றன. எல்லாம் செய்தும் சில இறக்கின்றன. அந்தப் பொறுப்பு மருத்துவருக்கும் காப்பகத்துக்கும் உரியது. ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு வரும் ஒரு பெண்ணின் தலையில் அது இறங்கக் கூடாது.

ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. செருப்பைப் பற்றி அவள் நினைத்தது சரியான நினைப்பு. இந்தமுறை அது காரணமாக இல்லை, இன்னொருமுறை இருக்கக்கூடும். பார்வோ மனிதர்களைத் தொற்றாது, ஆனால் செருப்பிலும் துணியிலும் துடைப்பத்திலும் ஒட்டிக்கொண்டு போகும். தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். சாதாரணச் சோப்பும் பல கிருமிநாசினிகளும் அதைக் கொல்வதில்லை. முதலில் மலத்தையும் அழுக்கையும் முழுதாக நீக்கிக் கழுவிவிட்டு, வீட்டில் பயன்படுத்தும் பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். (பிளீச்சோடு வேறு எந்தக் கிளீனரையும் கலக்கக் கூடாது. நச்சுவாயு வரும்.) வேலையின் வரிசை அதைவிட முக்கியம். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் குட்டிகளிடம் முதலில் போக வேண்டும், பிறகு பெரிய நாய்கள், புதிதாக வந்தவை அதற்கப்புறம், நோயுள்ளவை கடைசியில். நோய்க் கூண்டுக்குப் போய்விட்டால் அன்றைக்குக் குட்டிகள் பக்கம் திரும்பக் கூடாது. இந்த வரிசையை முதல் நாளே அவளுக்கு யாராவது பெரியவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். யாரும் சொல்லித்தராமலே அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வேண்டிய கண் அவளுக்கு இருக்கிறது, அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவளுடைய அழுகை என்னைக் கவலைப்படுத்தவில்லை. செருப்போடு கூண்டு கழுவுகிறாள் என்பதும், புதிதாக வந்த குட்டிகளை ஒரு நாள் முழுக்க அவளிடம் விட்டிருக்கிறார்கள் என்பதும்தான் கவலைப்படுத்தின. அவளைக் காப்பகத்திலிருந்து நிறுத்தவேண்டியதில்லை. அவள் அங்கே வேலை செய்யும் முறை மட்டும் இந்த வாரமே மாற வேண்டும்.

முதலில் ரேபிஸ் ஊசி. கடி வாங்கிய பிறகு போடும் ஊசியைத்தான் எல்லோருக்கும் தெரியும். விலங்குகளோடு வேலை செய்பவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்வதும் உண்டு. முதல் ஊசி போட்டு ஏழு நாள் கழித்து இரண்டாவது போட்டால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. சில நாடுகளில் மூன்றாவதும் போடுகிறார்கள். உங்கள் பகுதி வழக்கத்தை மருத்துவர் சொல்வார். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே போட்டவர்களும் கடி பட்டால் மறுபடி மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அப்போது ஊசிகள் குறைவு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்புப் புரத மருந்து) தேவைப்படாது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. தொடங்குவதற்கு முன் முறையாக ஊசி போட்டுவிட்டால் தடுத்துவிடலாம்.

இதில் நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. காப்பகத்துக்குப் போகும் பிள்ளைகள் கடியை மறைத்துவிடுகிறார்கள். வீட்டில் சொன்னால் நிறுத்திவிடுவார்கள், காப்பகத்தில் சொன்னால் அந்த நாயை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று நினைத்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். 'கடித்ததைச் சொன்னால் உன்னைத் திட்ட மாட்டோம், அதற்காகப் போவதை நிறுத்தவும் மாட்டோம்' என்று நீங்களும் அவள் அப்பாவும் சேர்ந்து அவளுக்கு வாக்குக் கொடுங்கள். கொடுத்த பிறகு அதைக் காப்பாற்றவும் வேண்டும். பூனைக் கடியைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். பார்க்க ஊசி குத்திய மாதிரி சின்னதாக இருக்கும், யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பல் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே வைத்துவிடும், ஒரே நாளில் கை வீங்கிச் சிவந்துவிடலாம்.

கடி வருமுன் நாய் பெரும்பாலும் சொல்லிவிடும். உடம்பு விறைக்கும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், சாப்பிட எதுவும் இல்லாதபோதும் உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். வால் ஆடுகிறதே என்று நம்பிக் கை நீட்டக் கூடாது, பதற்றத்திலும் நாய் வாலாட்டும். உறுமும் நாயை அதட்டக் கூடாது. அது நமக்கு நியாயமாக எச்சரிக்கை கொடுக்கிறது, விலகிவிட வேண்டும்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக ஏறும், எலிக்காய்ச்சல் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும். அதனால் மூடிய ரப்பர் பூட்ஸ் போட வேண்டும். படர்தாமரை குட்டிப் பூனைகளிடமிருந்து எளிதில் தொற்றும், ஆனால் களிம்பிலும் மருந்திலும் குணமாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிக் குளித்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் மட்டும், பூனை மலத்தோடு தொடர்புள்ள வேலைகளையும் அந்தத் துணிகளையும் பற்றி அவர்களுடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அடுத்த ஞாயிறு நீங்களும் அவளோடு போய் அந்த இடத்தைப் பாருங்கள். பல காப்பகங்கள் 16 அல்லது 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர் துணை இல்லாமல் சேர்ப்பதே இல்லை. அந்த விதி நியாயமானது. அங்கே யார் இவளுக்குப் பொறுப்பு என்று பெயர் கேளுங்கள். புதிதாக வரும் விலங்குகளைத் தனியாக வைக்க இடம் இருக்கிறதா, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி பூட்ஸும் துடைப்பமும் உண்டா, எந்தக் கூண்டுக்கு யார் போகலாம் என்று எழுதி மாட்டியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். நெருக்கடியையும் பாருங்கள். அமெரிக்காவின் காப்பகக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில், பராமரிக்க முடிந்த அளவுக்கு மேல் விலங்குகளை வைத்துக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்று அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. நல்ல மனதோடு நடத்தப்படும் இடங்கள்கூட இதில்தான் தவறுகின்றன. வருவதையெல்லாம் சேர்த்துக்கொண்டு, எதையும் சரியாகப் பார்க்க முடியாமல் போய், நோய் பரவும். கேள்வி கேட்டால் கோபப்படும் இடமாக இருந்தால் வேறு காப்பகம் தேடுங்கள். கேட்டதைத் திருத்திக்கொள்ளும் இடமாக இருந்தால் உங்கள் மகளை நம்பி அனுப்பலாம்.

சரி, அழுகைக்கு வருகிறேன். கவனித்துக்கொண்ட ஓர் உயிர் போனால் அழுவது இயல்பு, இந்த வேலையில் வருடக்கணக்காக இருப்பவர்களும் அழுகிறார்கள். 'ஒரு நாய்க்குட்டிக்கா இவ்வளவு' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் துக்கம் குறையாது, உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்திக்கொள்வாள். காப்பகத்தில் அவளுக்குப் பொறுப்பானவரிடமும் அவள் இதைப் பேசட்டும். மற்ற மூன்று குட்டிகள் என்ன ஆயின என்று அவளே கேட்கட்டும். பதில் நல்லதாக இல்லாவிட்டாலும் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். சில காப்பகங்களில் குணப்படுத்த முடியாத விலங்குகளுக்குக் கருணைக்கொலை ஊசி போடுவதும் உண்டு. அந்த இடத்தின் நடைமுறை என்ன என்பதை, அவள் தானாகத் தெரிந்துகொண்டு அதிர்ச்சி அடைவதற்கு முன் நீங்களே கேட்டு அவளுக்குச் சொல்லிவிடுங்கள். தூக்கம், சாப்பாடு, தோழிகள் என்று எல்லாவற்றையும் வாரக்கணக்கில் ஒதுக்கினால், அல்லது 'நான் இருந்தாலே எல்லாம் கெடுகிறது' என்பது போலப் பேசினால், அது குட்டியைப் பற்றிய துக்கத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். தாமதிக்காமல் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவளுக்கு இவ்வளவு வலிப்பதற்கு இன்னொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த வயதில் காப்பகத்துக்குப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றப் போகிறோம் என்று நினைத்துத்தான் போகிறார்கள். ஒன்று இறந்தால் தோற்றுவிட்டதாக நினைக்கிறார்கள். ஒரு காப்பக மருத்துவர் அவர்களிடமிருந்து எதிர்பார்ப்பதோ சொன்ன கிழமையில், சொன்ன நேரத்தில், அமைதியான ஓர் ஆள் வருவதை. சின்ன வேலைதானே என்று தோன்றலாம், சின்ன வேலை இல்லை. அமெரிக்காவில் மைக்கேல் ஹென்னஸியும் உடன் பணியாற்றியவர்களும் காப்பக நாய்களின் இரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்து 1997இல் வெளியிட்டார்கள். வந்து மூன்று நாள்கள்வரை ஆன நாய்களுக்கு, ஒன்பது நாளுக்கு மேல் அங்கே இருந்த நாய்களைவிட அது கூடுதலாக இருந்தது. விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் இடம்பெற்ற ஒரு குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், வந்த இரண்டாம் நாளில் ஒரு மனிதர் சுமார் 45 நிமிடம் கூட இருந்து தடவி, விளையாடி, நடத்திச் சென்ற நாய்களுக்கு மூன்றாம் நாளில் அந்த ஹார்மோன் மற்ற நாய்களைவிடக் குறைவாக இருந்தது. ஒரே ஒரு அமர்வுக்கே அவ்வளவு பலன். பூனைகளுக்கு இன்னும் எளிது. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வைத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாள்களிலேயே மற்றவற்றைவிட வேகமாகப் பதற்றம் தணிந்தன. ஒரு அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி வைக்க 15 வயதுப் பெண்ணால் முடியும். தூய்மையான தண்ணீர், காய்ந்த தரை, சாப்பாட்டைத் தொடாமல் விட்ட நாய் எது என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பது, இவையும் அப்படித்தான். நோயை நாங்கள் முதலில் கண்டுபிடிப்பது பல தடவை அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான்.

அந்தப் பெரிய நாயை வார இறுதியில் வீட்டில் வைத்துக்கொள்ளும் யோசனை தவறானதல்ல. திரும்பக் கொண்டுபோய் விடும்போது அதற்கு இன்னும் கொடுமையாக இருக்காதா என்று பலரும் நினைக்கிறார்கள், நியாயமான சந்தேகம். அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் இதைப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கிய நாய்களுக்கு அந்த நாள்களில் கார்டிசால் குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியபோது பழைய அளவுக்கு வந்ததே தவிர அதற்கு மேல் போகவில்லை. ஓய்வு கிடைத்த அளவுக்கு லாபம். ஆனாலும் இப்போது வேண்டாம் என்பேன். அங்கே பார்வோ வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அந்த நாயின் குணம் உங்களுக்குத் தெரியாது, மகளுக்கு ஊசி போடவில்லை, அவள் அப்பாவுக்கு மனமில்லை. வீட்டில் எல்லோரும் சம்மதித்து, காப்பக மருத்துவர் அந்த நாயைப் பார்த்து எழுத்தில் அனுமதி கொடுத்து, பெரியவர் ஒருவர் இரண்டு நாளும் வீட்டில் இருப்பதாக இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

அவள் அப்பாவின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். மாதத்தில் எத்தனை ஞாயிறு, எத்தனை மணி நேரம் என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், தேர்வு மாதங்களில் குறைத்துக்கொள்ளுங்கள். வர முடியாத நாளை முன்கூட்டியே காப்பகத்துக்குச் சொல்வதும் அவள் பொறுப்பு.

ஊசிகள் முடியும்வரை அவள் கூண்டுக்குள் போகவேண்டாம். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தின் ஒரு காப்பகத்தில் 6 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, கூச்சமுள்ள நாய்களின் கூண்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்க வைக்கிறார்கள். நாயைத் தொடுவதும் இல்லை, கூப்பிடுவதும் இல்லை. தானாகக் கம்பிப் பக்கம் வரும் நாய்க்குக் காப்பகம் கொடுத்த தின்பண்டம் கிடைக்கும். அந்தப் பயந்த பெரிய நாய்க்கு இப்போது ஏற்ற சிகிச்சை இதுதான். பக்கவாட்டில் திரும்பி உட்காரட்டும், நேராகக் கண்ணைப் பார்க்க வேண்டாம், குரலை உயர்த்தாமல் வாசிக்கட்டும். பாடப்புத்தகத்தையே கொண்டுபோய் வாசித்தாலும் நாய்க்குச் சம்மதம்தான், அப்பாவின் கவலையும் பாதி குறையும். ஒவ்வொரு தடவையும் நாய் எவ்வளவு தூரத்தில் படுத்திருந்தது, தின்பண்டத்தை எடுத்ததா என்று எழுதி வைக்கட்டும். கூண்டைத் திறக்கலாமா என்று காப்பக மருத்துவர் முடிவு செய்யும் நாளில் அந்தக் குறிப்பை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.